37 பக்கத்துக்கு ஒரு டிக்: புரூஃப் ரீடர் ஒருவரின் எட்டு வருட நெட்பேங்கிங் அனுபவம்

வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு வங்கிதான் இப்படி என்று ஆகிவிடும். தெரிந்தவர்களிடம் விசாரித்தவரை எல்லார் வீட்டிலும் இதே கதைதான். தனியார் வங்கி, சேமிப்புக் கணக்கு, 2017 கடைசியில் ஆப் இறக்கினேன். அன்றிலிருந்து அதில்தான் எல்லாமே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் கட்ட வரிசையில் நின்றது மறந்தே போய்விட்டது. மெட்ரோ வாட்டர், சொத்து வரி, பையனின் காலேஜ் ஃபீஸ், எல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் தம்பி வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். டவர் கிடைத்த மறு நிமிடம் அவனுக்குப் பணம் போட முடிந்தது. வங்கிக் கிளை திறந்திருந்தாலும் அன்றைக்கு நான் அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியாது. ஆப் வேகமானது, தொங்குவது குறைவு. ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுப்பேன்.

நான் புகார் சொல்லவந்தது ஆப் பற்றி அல்ல. ஆப்புக்குள் நுழையும் வாசலில் அவ்வப்போது வந்து மறிக்கிறதே, 'விதிமுறைகளும் நிபந்தனைகளும் திருத்தப்பட்டுள்ளன' என்று, அதைப் பற்றி.

என் தொழிலைச் சொன்னால்தான் இது எவ்வளவு வெட்கக்கேடு என்று புரியும். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் இருபத்தைந்து வருடமாக புரூஃப் பார்க்கிறேன். ஒற்று விட்டுப்போனால் சாப்பாடு இறங்காது. கல்யாணப் பத்திரிகையை வாங்கினால் முகூர்த்த நேரத்துக்கு முன்னால் எழுத்துப்பிழைதான் கண்ணில் படும். அப்படிப்பட்ட நான், இந்த எட்டு வருடத்தில் பதினைந்து தடவையாவது ஒரு வரிகூடப் படிக்காமல் 'படித்து ஒப்புக்கொண்டேன்' என்று டிக் போட்டிருக்கிறேன்.

ஏனென்றால் அது வரும் நேரம் அப்படி. மருந்துக்கடையில் அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கு 840 ரூபாய் கொடுக்க போனை எடுக்கிறேன், பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், கடைக்காரர் பையைக் கட்டிவிட்டார். அப்போது திரை முழுக்க ஆங்கிலம். கீழே பச்சை பட்டன். மேல் மூலையில் 'பிறகு' என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடினால் இருக்காது. இருப்புத் தொகையைப் பார்க்கவே ஒப்புக்கொண்டால்தான் வழி. அந்த இடத்தில் நின்று படிக்கிறவன் மனுஷனே இல்லை.

விஷயம் வெடித்தது அம்மா கணக்கில். அப்பா விட்டுப்போன எஃப்டியின் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை விழும் கணக்கு அது. அதே வங்கி. அம்மாவின் போனிலும் ஆப் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் பாஸ்புக் பதியப்போனவள் 590 ரூபாய் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றாள். 500 அபராதம், 90 ஜிஎஸ்டி. காரணம், மாதச் சராசரி இருப்பு குறைந்துவிட்டதாம். குறைந்தபட்ச இருப்பே வேண்டாத கணக்கு அல்லவா அது என்று கால் சென்டரில் கேட்டேன். "அந்த அக்கவுன்ட் டைப் இப்ப மாறிடுச்சு சார். கஸ்டமர் அக்செப்ட் பண்ணியிருக்காங்க" என்றார் அந்தப் பையன். தேதி, மணி, நிமிடம் எல்லாம் சொன்னார்.

"நீ எதையாவது அமுக்குனியாம்மா?" என்று கேட்டேன்.

"பச்சை பட்டனை அமுக்குனாத்தான்டா உள்ள விடுது" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? என் கோபம் முழுக்க இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பழைய விதிமுறை ஒன்று 2021இல் மின்னஞ்சலில் வந்து கிடந்தது. புதியதை வங்கியின் தளத்திலிருந்து இறக்கி, இரண்டையும் அச்சகத்தில் பிரின்ட் போட்டேன். புதியது 37 பக்கம், பொடி எழுத்து. எங்கள் கணக்கில் டெமி சைஸில், படிக்கிற அளவு எழுத்தில் கட்டினால் மூன்று ஃபாரத்துக்கு (ஒரு ஃபாரம் பதினாறு பக்கம்) மேல் வரும். ஒரு சின்ன கவிதைப் புத்தகமே போடலாம்.

புரூஃப் பார்ப்பதில் பழைய முறை ஒன்று உண்டு. காப்பி ஹோல்டர் என்று ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிப்பார். புரூஃப் ரீடர் அச்சான தாளில் கண்ணை ஓட்டி, எங்கே வேறுபடுகிறதோ அங்கே சிவப்பு மையால் குறிப்பார். என் மனைவி காப்பி ஹோல்டர் ஆனாள். பழையதை அவள் வாசிக்க, புதியதில் நான் தொடர்ந்தேன். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. பதினாலாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "என்னங்க, இந்த வரிய நான் முன்னாடியே படிச்சேனே?" என்றாள். படித்திருந்தாள். 'வங்கி தன் சொந்த விருப்பப்படி, முன்னறிவிப்பு ஏதுமின்றி' என்ற தொடர் அந்த ஆவணத்தில் 41 இடத்தில் வருகிறது, எண்ணினேன். சாப்பாட்டுக்குப் பிறகும் தொடர்ந்தோம். முடிக்க நாலரை மணி.

மாறியிருந்தது எத்தனை இடம் தெரியுமா? கமா, புள்ளி, கிளை முகவரி எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மூன்றே மூன்று. ஒன்று, நிபந்தனை மாறினால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும் என்றிருந்தது, இணையதளத்தில் வெளியிட்டாலே தெரிவித்ததாக ஆகும் என்று மாறியிருந்தது. இரண்டு, கணக்கை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு வங்கியே மாற்றிக்கொள்ளலாம். மூன்று, ஸ்டேட்மென்டில் தப்பு இருந்தால் சுட்டிக்காட்ட இருந்த 30 நாள் அவகாசம் 15 நாளாகச் சுருங்கியிருந்தது. மூன்றும் சேர்த்து பதினொரு வரி. அஞ்சலட்டையில் எழுதி அனுப்பலாம்.

எங்கள் அச்சகத்தில் திருத்திய புரூஃபைத் திருத்தம் எது என்று குறிக்காமல் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால் முதலாளி அந்தத் தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். முந்நூறு ரூபாய் நோட்டீஸுக்கே அந்த மரியாதை உண்டு. வாழ்நாள் சேமிப்பு கிடக்கும் கணக்குக்கு இல்லை. நீளம் கூட எனக்குப் பெரிய குறையில்லை. வக்கீல்கள் எழுதினால் அப்படித்தான் எழுதுவார்கள். எது மாறியது என்று மஞ்சள் கோடு போட்டுக் காட்டுவதில் என்ன கஷ்டம்? எழுதியவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்?

அபராத விஷயத்துக்கு வருகிறேன். தேடியதில் ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று கிடைத்தது. 2015 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. குறைந்தபட்ச இருப்பு குறைந்தால் வங்கி எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கடிதம் என்று ஏதாவது ஒரு வழியில் வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம். அதுவும் எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ற விகிதத்தில். அபராதத்தினால் மட்டுமே கணக்கு மைனஸில் போகக்கூடாது என்றும் இருக்கிறது. அம்மாவுக்கு அப்படி எந்தத் தகவலும் வரவில்லை. போனை இரண்டு முறை அலசிவிட்டேன்.

இதை எழுதி அனுப்பினேன். முதல் பதில்: 'தாங்கள் விதிமுறைகளை ஏற்றுக்கொண்டுள்ளீர்கள்.' இரண்டாவது கடிதத்தில், 30 நாளுக்குள் திருப்தியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று ஒரு வரி சேர்த்தேன். அது சும்மா மிரட்டல் இல்லை, 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தின்படி இணையத்திலேயே புகார் போடலாம், கட்டணம் கிடையாது. ஒன்பதாம் நாள் 590 ரூபாய் திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'நல்லெண்ண அடிப்படையில், இந்த ஒருமுறை மட்டும்.' என் பணத்தை எனக்குத் திருப்பித் தருவதில் என்ன நல்லெண்ணம் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்த 37 பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஓடிபி போட்டு நடந்த பரிவர்த்தனை எதுவானாலும் வாடிக்கையாளரே செய்ததாகக் கருதப்படும் என்று ஒரு பத்தி. படித்ததும் வயிறு கலங்கியது. ஆனால் மின்னணு மோசடி பற்றி 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கை வேறு மாதிரிப் பேசுகிறது. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கவேண்டியது வங்கி. தப்பு வங்கி மேலும் இல்லை, நம் மேலும் இல்லை, மூன்றாவது ஆள் புகுந்து செய்தது என்றால், தகவல் கிடைத்த மூன்று வேலைநாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நயா பைசா நஷ்டமில்லை. நாலு முதல் ஏழு வேலைநாள் ஆகிவிட்டால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நம் தலையில். நாமே ஏமாந்து ஓடிபியைச் சொல்லிக் கொடுத்திருந்தால் கதை வேறு, வங்கியிடம் சொல்லும்வரை போனதெல்லாம் நம் கணக்கில்தான். அந்தப் பத்தியில் இந்த மூன்று நாள் கணக்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு வாடிக்கையாளர் பாதி ராத்திரியில் தேடிப்படிக்க வேண்டிய ஒரே வரி அதுதான்.

தம்பு செட்டித் தெரு வக்கீல் ஒருவர் எங்கள் அச்சகத்துக்கு வருவார். அவரிடம் புலம்பினேன். "டிக் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க" என்றார். 1986இல் உச்ச நீதிமன்றம் பிரஜோநாத் கங்குலி வழக்கில் சொன்னதை எடுத்துக்காட்டினார். பேரம் பேச வலுவில்லாதவன், வேறு வழியில்லாமல், அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அதிலுள்ள அநியாயமான ஷரத்து செல்லாது என்ற தீர்ப்பு. அது ஓர் அரசு நிறுவன ஊழியரின் வேலை ஒப்பந்தம் பற்றியது, வங்கி விஷயம் அல்ல என்பதையும் அவரே சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே தனி விளக்கம் இருக்கிறது. ஆனால் அந்தப் புகாரை மாவட்ட ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். 590 ரூபாய்க்கு மாநில ஆணையமா? அவரே சிரித்துவிட்டார்.

மொழி விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். ஆப்பில் தமிழ் இருக்கிறது, பெருமையாகக் கொடி எல்லாம் போட்டு. திறந்தால் 'கணக்குச் சமநிலை' என்கிறது. இருப்பு என்ற நல்ல சொல்லை எந்த இயந்திரம் தின்றதோ தெரியவில்லை. சரி, போகட்டும். விதிமுறையைத் தொட்டால் அந்தத் தமிழும் நின்றுபோய் ஆங்கில பிடிஎஃப் திறக்கிறது. கிளையில் இருக்கும் செலான், கணக்குத் தொடங்கும் படிவம் எல்லாம் மூன்று மொழியில் அச்சடிக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லியாயிற்று. நூறு ரூபாய் கட்டும் செலானில் தமிழ் உண்டு. அம்மாவின் கணக்கு வகையையே மாற்றும் ஆவணத்தில் இல்லை. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் விவரங்களைப் பயன்படுத்தச் சம்மதம் கேட்கும்போது அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பு தரவேண்டும் என்கிறது. அது தரவுக்கு. அபராதத்துக்கும் அப்படி ஒரு சட்டம் வந்தால் தேவலை.

பணம் திரும்பிய பிறகு மயிலாப்பூர் கிளைக்கு ஒருமுறை போனேன். சிவப்பு மை போட்ட பிரதியை அங்கிருந்த பெண் அதிகாரியிடம் காட்டினேன், சண்டை போடத்தான். அவர் மூன்று இடத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், இந்த மூணு பக்கம் மட்டும் நான் ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா? எங்களுக்கும் முழுசாத்தான் வந்தது" என்றார். சண்டை போடும் தெம்பு போய்விட்டது.

இப்போது இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். விதிமுறை மாறும்போதெல்லாம் பிடிஎஃபைத் தேதி போட்டுச் சேமித்துக்கொள்கிறேன். தளத்தில் புதியது ஏறினால் பழையது காணாமல் போய்விடுகிறது, ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. மருந்துக்கடைக்குப் பணமாகவே எடுத்துப்போகிறேன். வங்கியை மாற்றலாமே என்று மனைவி கேட்டாள். பக்கத்துத் தெருவில் இன்னொரு வங்கி. அவர்களுடையதை இறக்கிப் பார்த்தேன், 44 பக்கம்.

அம்மாவின் கணக்கைப் பழைய வகைக்கே மாற்ற ஆப்பில் ஒரு கோரிக்கை போடவேண்டும் என்றார்கள். போன வாரம் போட்டேன். கடைசித் திரையில் ஒரு டிக் பெட்டி. 37 பக்கத்தைத்தான் கரைத்துக் குடித்தாயிற்றே என்று தொட்டேன். அது வேறு ஆவணம், கோரிக்கைகளுக்கென்று தனி நிபந்தனைகள், 22 பக்கம். வட்டி விழ இரண்டு நாள்தான் இருந்தது. டிக் போட்டேன்.