சத்தம் வருது, படம் வரல: "பேனல் போச்சு"ன்னா உடனே நம்பாதீங்க

வாரண்டி முடிந்து சரியாக 2 மாதம். ராத்திரி செய்தி ஓடிக்கொண்டிருந்த டிவி பொசுக்கென்று கறுத்துப்போனது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. ரிமோட்டில் சேனல் மாற்றினால் மாறுகிறது, ஒலியைக் கூட்டினால் கூடுகிறது. படம்தான் இல்லை. அணைத்துப் போட்டால் ஒரு விநாடி வெளிச்சம் வந்து, மறுபடி இருட்டு.

மறுநாள் மெக்கானிக் வந்தார். கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவர் என்று அட்டையெல்லாம் காட்டினார். பின்மூடியில் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. ரிமோட்டை நாலு தடவை அமுக்கிவிட்டு, "பேனல் போயிடுச்சு சார்" என்றார். புதுப் பேனல் போட, புது டிவி விலையில் முக்கால்வாசி ஆகுமாம். நான் வாயடைத்து நின்றதைப் பார்த்து இரக்கப்பட்டவர் மாதிரி, "பேசாம புதுசு வாங்கிடுங்க சார். இதை வேணா நான் ஸ்கிராப்புக்கு எடுத்துக்கறேன், ஏதோ பாத்துக் கொடுக்கறேன்" என்றார். வந்துபோன கூலியைத் தனியாக வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என் அக்கா மகன் வந்திருந்தான். கதையைக் கேட்டவன் விளக்கை எல்லாம் அணைக்கச் சொன்னான். டிவியை ஓடவிட்டு, போனின் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தான். "மாமா, இங்க பாருங்க." டார்ச் வெளிச்சம் விழுந்த சின்ன வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் முகம், புகை மாதிரி, மங்கலாக அசைந்துகொண்டிருந்தது.

பேனல் சாகவில்லை. எல்இடி டிவி என்று நாம் சொல்வது உண்மையில் எல்சிடி திரைதான். படத்தைக் காட்டுவது முன்னால் இருக்கும் பேனல், அதற்கு ஒளி தருவது பின்னால் வரிசையாக ஒட்டியிருக்கும் எல்இடி பட்டைகள், அதாவது பேக்லைட். ஒரு பட்டையில் உள்ள விளக்குகள் பெரும்பாலும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். பழைய சீரியல் பல்பு மாதிரி, ஒன்று அறுந்தால் வரிசையே அணையும். பல டிவிகளில் இதைக் கண்டதும் பாதுகாப்புச் சுற்று மொத்த பேக்லைட்டையும் நிறுத்திவிடும். அந்த ஒரு விநாடி வெளிச்சம் அதனால்தான். சில சமயம் கோளாறு பட்டையில் இல்லாமல் பவர் போர்டில் இருக்கலாம். எப்படியானாலும், டார்ச்சில் முழுப்படமும் தெரிந்தால் பேனலுக்குக் காசு கேட்பது அநியாயம். (ஓஎல்இடி டிவிக்கு இந்தச் சோதனை செல்லாது, அதில் பேக்லைட்டே கிடையாது.)

கம்பெனிக்குப் புகார் எழுத ஆதாரம் வேண்டும் என்று படம் எடுக்க உட்கார்ந்தேன். முதல் பத்துப் படத்திலும் டார்ச்சின் பளீர் பொட்டும், பின்னால் என் பனியனும்தான் விழுந்திருந்தன. திரை என்பது பாதிக் கண்ணாடி என்பது அப்போதுதான் உறைத்தது. டார்ச் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் கேமரா நேராகவோ வலப்பக்கமோ இல்லாமல், அந்தப் பிரதிபலிப்பு விழாத கோணம் தேடி நகர வேண்டும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டேன், சிரிக்காதீர்கள், அது உதவியது. ஃபிளாஷ் கூடவே கூடாது. போன் திரையில் முகம் தெரிகிற இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து, 2 விநாடி டைமரில் எடுத்தேன். முகம் படத்தில் விழுந்தது.

வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அமுக்கி மங்கவைப்பதோடு, எடுத்த தேதி நேர விவரத்தையும் உதிர்த்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

படத்தை அனுப்பிய பிறகு கம்பெனியின் பேச்சே மாறியது. வேறு ஒருவர் வந்தார், பட்டைகளை மாற்றினார், திரையில் வெளிச்சம் வந்தது. ஆனால் இடது கீழ்மூலையில் ஒரு நிழல். பேக்லைட்டைத் தொட வேண்டுமானால் பேனலைத் தூக்கி, உள்ளே இருக்கும் வெண்தாள்களை எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும். அடுக்கியதில் ஏதோ பிசகு. "பழகிடும் சார்" என்று போய்விட்டார்.

மறுபடி கேமரா. இந்தத் தடவை படம் முழுக்கப் பட்டைபட்டையாகக் கோடு. பேக்லைட் பல டிவிகளில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். வேகமான ஷட்டர் அந்த இருட்டு நொடியையும் பிடித்துவிடுகிறது. போன் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/30 விநாடிக்கு இறக்கி, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணரும் அளவை)க் குறைத்து, டிவியின் பேக்லைட்டை முழுசாக ஏற்றியதும் கோடுகள் போயின. நெளிநெளியாக வானவில் கோலம் விழுந்தால் அது வேறு: திரையின் புள்ளிகளும் கேமராவின் புள்ளிகளும் மோதுவதால் வருவது. இரண்டடி பின்னால் போய்ப் பாருங்கள், அல்லது கேமராவைச் சற்றே திருப்புங்கள்.

முக்கியமானது ஒன்று: போனின் எச்டிஆரையும் நைட் மோடையும் அணைத்துவிடுங்கள். அவை இருட்டைத் தூக்கி வெளிச்சமாக்கும். நாம் காட்ட நினைக்கிற நிழலையே அழித்துவிட்டு, "டிவி நல்லாத்தானே இருக்கு" என்று அவர்களுக்குச் சாட்சி சொல்லும். என் போன் அப்படித்தான் செய்தது. சாம்பல் நிறப் படம் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுத் திரை முழுக்க ஓடவிட்டு எடுத்ததும், நிழல் கறை மாதிரி எழுந்து நின்றது. மூன்றாம் நாள் வந்து தாளைச் சரிசெய்தார்கள்.

உங்கள் வீட்டில் இந்த வேலை நடந்தால், கழற்றும்போது பேனல் உடைந்தால் யார் பொறுப்பு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். மெல்லிய கண்ணாடி, உடைவது சகஜம். ஒரு பட்டையை மட்டும் மாற்றவிடாதீர்கள், மற்றதற்கும் அதே வயசுதான். நீங்களே திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். சரியான பிறகு செட்டிங்கில் பேக்லைட்டைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள், எப்போதும் முழுசாக ஏற்றி ஓட்டினால் பட்டை சீக்கிரம் தேயும். பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்று இருப்பது வேறு, அது கறுப்பின் அளவைத்தான் மாற்றும். என் டிவி முதல் நாளிலிருந்தே பளபளா 'விவிட்' மோடில், பேக்லைட் 100-இல் ஓடியிருக்கிறது. அந்தத் தப்பு என்னுடையது.

ஒரு வாரம் கழித்து முதல் மெக்கானிக் போன் செய்தார். "சார், அந்த டிவியை எடுத்துக்கட்டுமா? வேணும்னா கொஞ்சம் கூட்டியே தரேன்."

"டிவி ஓடுதுங்க. பட்டைதான் மாத்தினாங்க" என்றேன்.

"அப்படியா சார்" என்றவர் போனை வைத்துவிட்டார்.