அமேசான் படம் ஒன்று பார்க்கணும்: ‘அகிர்ரே’யா, ‘எம்ப்ரேஸ் ஆஃப் த சர்பென்ட்’டா?

அமேசான் காட்டுப் படம் என்று தேடினால் இந்த இரண்டு பெயர்களும் எப்படியும் கண்ணில் படும். ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக்கின் ‘அகிர்ரே’ (1972) கலர், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கொலம்பியாவின் சிரோ கெர்ரா எடுத்த ‘எம்ப்ரேஸ் ஆஃப் த சர்பென்ட்’ (2015) கறுப்பு வெள்ளை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். கறுப்பு வெள்ளை என்றதுமே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

‘அகிர்ரே’ சாதாரணப் படமில்லை. தங்க நகரம் தேடிப் போகும் ஸ்பானியப் படை மலைச்சரிவில் எறும்பு வரிசை மாதிரி இறங்கி வரும் முதல் காட்சியையும், கடைசியில் குரங்குகள் மொய்த்த தெப்பத்தில் அகிர்ரேயாக நடித்த கிளாஸ் கின்ஸ்கி தனியாக நிற்பதையும் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் காட்டின் மனிதர்கள் அதில் பெரும்பாலும் கரையிலிருந்து பாயும் அம்புகளாகத்தான் வருகிறார்கள்.

கெர்ரா படத்தில் நாம் கரையில் நிற்கிறோம். தன் இனத்தில் தான் மட்டுமே மிஞ்சியதாக நம்பும் வைத்தியர் கரமகாத்தே, நோயோடு படகில் வரும் வெள்ளைக்காரரைப் பார்க்கிறார். 1909இல் ஒரு ஜெர்மன்காரர், பல வருஷம் கழித்து 1940இல் இன்னொருவர், இரண்டு பேருமே ஒரே மூலிகையைத் தேடி வருகிறார்கள். கோஹ்-குரூன்பெர்க், ஷுல்ட்ஸ் என்ற நிஜ ஆய்வாளர்களின் குறிப்பேடுகளிலிருந்து பிறந்த கதை இது. ஒரு கிராமத்தார் ஜெர்மன்காரரின் திசைகாட்டியை எடுத்து வைத்துக்கொள்ள, இது பழகிவிட்டால் காற்றையும் நட்சத்திரத்தையும் வைத்து வழி கண்டுபிடிக்கும் அறிவு போய்விடும் என்று அந்த ஜெர்மன்காரர் பதறுகிறார், கற்றுக்கொள்வதை நீ எப்படித் தடுக்கலாம் என்று கரமகாத்தே கேட்கிறார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, படம் தீர்ப்பு சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம் மொழி. ‘அகிர்ரே’யில் ஸ்பானியர்கள் ஜெர்மன் பேசுவார்கள், அதுவும் ஆங்கிலத்தில் எடுத்துப் பிறகு டப் செய்தது. கெர்ரா படத்தில் குபேயோ, டிக்குனா என்ற பழங்குடி மொழிகள், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ஜெர்மன் என்று ஆளுக்கும் இடத்துக்கும் தக்க மொழி மாறிக்கொண்டே இருக்கும். யார் யாருடைய மொழியில் பேசுகிறார்கள் என்பதே பாதிக் கதை, அதனால் டப்பிங் வேண்டவே வேண்டாம், சப்டைட்டிலோடு பாருங்கள்.

கறுப்பு வெள்ளை ஒரு குறையே இல்லை. பச்சை போய்விடுவதால் இலை, தண்ணீர், மனிதத் தோல் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தின் பல அடுக்குகளாகத் தெரிகின்றன, காடு வேறு மனிதர் வேறு என்று பிரிக்கவே முடியாது. போனில், வெளிச்சத்தில் பார்த்தால் இது மொத்தமும் வெளுத்துவிடும். விளக்கை அணைத்துவிட்டுப் பெரிய திரையில் பாருங்கள்.

ரப்பர் தோட்டத்துக் கொடுமையும் கிறிஸ்தவ மடத்துக் காட்சிகளும் கடுமையானவை, சிறுவர்களோடு உட்கார வேண்டாம். இரண்டுக்கும் நேரமிருந்தால் முதலில் ‘அகிர்ரே’, ஒன்றுக்குத்தான் என்றால் யோசிக்காமல் கெர்ரா படம்.