1236-ஆ, 1448-ஆ? இரண்டு அலுமினிய ஜான் போட்டுகள், பல சீசன் ஓட்டத்துக்குப் பிறகு

ஜான் போட் பார்க்கப் போகிறவர்கள் 12 அடியா 14 அடியா என்றுதான் கேட்கிறார்கள். பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த இரண்டு எண்களை. 1236 என்றால் 12 அடி நீளம், அடித்தட்டின் அகலம் 36 அங்குலம். 1448 என்றால் 14 அடி, 48 அங்குலம். தட்டையான அடியும் சதுர மூக்கும் கொண்ட இந்தப் படகுகள் அமெரிக்காவின் தென்பகுதி ஆறுகளிலும் சதுப்புகளிலும் அன்றாடப் புழக்கத்தில் இருப்பவை. மிசௌரி மாநிலத்தில் லெபனான் என்ற ஒரு சிற்றூரிலேயே லோ, டிராக்கர், ஜி3 என மூன்று பிராண்டுகள் தயாராகின்றன. பிராண்டைப் பற்றிய சண்டை அப்புறம் இருக்கட்டும். தகடுகளை ரிவெட் ஆணியால் இணைத்த 1236-ஐ எடுப்பதா, வெல்டிங் செய்த 1448-ஐ எடுப்பதா என்பதுதான் பலரும் வந்து நிற்கும் இடம்.

முதலில் ஆட்டம். பக்கவாட்டில் சாயாமல் தாங்கும் திறன், அகலத்தை மூன்று முறை பெருக்கும் கணக்கில் ஏறும். 36-க்கும் 48-க்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் தாங்கும் திறன் கிட்டத்தட்ட 2.4 மடங்கு. 1236-ல் இருவர் உட்கார்ந்தபடி தாராளமாக மீன் பிடிக்கலாம். ஒருவர் எழுந்து நின்று தூண்டில் வீசினால் மற்றவர் பெஞ்சின் நடுவில் அசையாமல் இருக்க வேண்டும். வம்பு வருவது மீனை வலையில் அள்ளும் நேரத்தில்: மீன் இருக்கும் பக்கமே இருவரும் குனிவார்கள், விளிம்பு சரசரவென்று தண்ணீருக்கு இறங்கும். 1448-ல் அதே வேலையை இருவரும் நின்றபடியே செய்யலாம்.

எடை கூடிய படகு ஆழமாக அமிழும், ஆழமில்லாத இடத்துக்குச் சின்னதுதான் சரி என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் போட்டால் அது நிற்காது. மூக்கு மேல்நோக்கி வளைவதால் அடித்தட்டு முழுவதும் நீரில் படாது. 1236-ல் 28 சதுர அடி படுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு அங்குலம் அமிழச் சுமார் 145 பவுண்டு வேண்டும். 1448-ல் 44 சதுர அடி என்றால் அங்குலத்துக்கு 230 பவுண்டு. வெறும் படகு 120, இரண்டு ஆள் 360, மோட்டார், பேட்டரி, சாமான் 120 என 1236-ல் 600 பவுண்டு ஏற்றினால் நாலு அங்குலத்துக்குச் சற்று மேல் அமிழும். 1448-ல் படகு 250, ஆள் 360, சாமான் 200 என 810 பவுண்டு ஏறியும் மூன்றரை அங்குலம்தான். அடிமட்டச் சகதியில் மாட்டாமல் போவது பெரியதுதான்.

அப்படியானால் 1236 எதற்கு? தரைக்காக. இரண்டு பேர் தூக்கிப் பிக்கப் வண்டியில் போட்டுவிடலாம். ஆறரை அடி தொட்டியின் பின்கதவைத் திறந்து வைத்தால் எட்டு அடி கிடைக்கும், மீதி நாலு அடி வெளியே நீட்டும். அதற்குமேல் நீட்டினால் பல மாநிலங்களில் சிவப்புத் துணி கட்டியாக வேண்டும். படகிறக்கும் சரிவுத்தளம் (ராம்ப்) இல்லாத பண்ணைக் குளம், ஆற்றோரக் கூழாங்கல் திட்டு, இதெல்லாம் இதன் ராஜ்ஜியம். 1448-க்கு ட்ரெய்லரும் ராம்ப்பும் இல்லாமல் முடியாது. தனி ஆளாகப் போகிறவர், ட்ரெய்லர் நிறுத்த இடமில்லாதவர் யோசிக்காமல் 1236 வாங்கலாம். இருவர், பெரிய ஏரி, காற்று என்றால் 1448. நடுவில் நிற்கிறேன் என்று 1436 வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் ட்ரெய்லர் செலவும் மிஞ்சும், ஆட்டமும் மிஞ்சும்.

இனி ரிவெட் விஷயம். சின்னப் படகின் தகடு பெரும்பாலும் 0.050 அங்குலத் தடிமன் அளவில் இருக்கும், வெல்டிங் படகில் 0.080 முதல் 0.100 வரை. ரிவெட் படகு ஒழுகும். புதிதில் அல்ல, நாலைந்து சீசனில். தூக்க வேண்டிய படகைச் சரளைக் கல்லில் இழுப்பதுதான் முதல் காரணம். ரிவெட்டின் தலை தேய்ந்து, ஓட்டை இளகும். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க படகை ஏரியில் இறக்கத் தேவையில்லை. ட்ரெய்லரில் வைத்தே உள்ளே இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு, அடியில் படுத்துச் சொட்டும் ரிவெட்டை மார்க்கரால் வட்டமிட்டால் போதும். அதற்குமேல் விடக்கூடாது: 36 அங்குல அகலத் தளத்தில் ஒவ்வொரு அங்குலத் தண்ணீரும் 180 பவுண்டுக்கு மேல். இரண்டுக்கே 370 ஆகிவிடும். படகின் தகடு ட்ரெய்லரின் தாங்குகட்டைகளுக்கு இடையில் தொய்யும்.

இளகிய ரிவெட்டை உள்ளே இரும்புக் கட்டியை அண்டக் கொடுத்து, வெளியிலிருந்து சுத்தியால் தட்டி இறுக்கலாம். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். தேய்ந்துபோனதைத் துளையிட்டு எடுத்து, அதே அளவுத் திட ரிவெட்டைப் போட வேண்டும். கை எட்டாத இடத்தில் மட்டும், ஒரு பக்கத்திலிருந்தே இறுக்கக்கூடிய, மூடிய முனை கொண்ட பாப் ரிவெட். கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் துளை உண்டு, அதன் வழியாகவே தண்ணீர் வரும். போடும் முன் 3எம் 5200 சீலண்ட் தடவினால் நல்லது. முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும், மறுநாளே தண்ணீரில் இறக்கினால் உழைப்பு வீண். தகடுகள் சேரும் தையல் முழுவதும் கசிந்தால் உள்பக்கம் க்ளூவிட் எபாக்ஸி ஊற்றிப் பரப்புவது வழக்கம். ஆனால் அதன்பின் ரிவெட்டை மாற்றுவது நரக வேலை.

வெல்டிங் படகு ஒழுகாது, வெடிப்பு விடும். வெல்டுக்குப் பக்கத்துத் தகடு சூட்டில் வலிமை இழந்திருக்கும். அலையில் அடிபட்டு அடிபட்டு, விலா எலும்பு போலக் குறுக்கே ஓடும் ரிப்களின் முனைகளிலும், மோட்டார் மாட்டும் பின்பலகையின் மூலைகளிலும் முடி போன்ற கீறல் தொடங்கும். கீறலின் நுனியில் சின்னத் துளை போட்டால் அது மேற்கொண்டு ஓடாமல் நிற்கும், பிறகு டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். மெல்லிய அலுமினியத்தை எல்லா வெல்டிங் கடையும் கையாளாது. ஓட்டை பெரிதாகித் திரும்பி வரும். கேடோ ஏரி மாதிரி, டெக்சஸ்–லூசியானா எல்லையில் சைப்ரஸ் மரக்கட்டைகள் நீருக்கடியில் நிற்கும் இடங்களில், தடித்த தகட்டுக்கு உள்ள மதிப்பு ஒரு மோதலிலேயே புரியும்: மெல்லியதில் மடிப்பும் ரிவெட் இளகலும், தடித்ததில் கீறலும் சத்தமும்.

மோட்டாருக்கு வருவோம். 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு (வெளியே மாட்டும் மோட்டார்) படகுகளில், அமெரிக்கக் கடலோரக் காவல்படையான கோஸ்ட் கார்டின் விதிப்படி, எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைசக்தி வரை தாங்கும் என்று சொல்லும் கொள்ளளவுத் தகடு ஒட்டியிருக்கும். கையால் திருப்பி ஓட்டும் தட்டையடிப் படகுகளில் பெரியவற்றுக்கு, நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் அடியில் பெருக்கி, பாதியாக்கி, 15 கழித்து, அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்துவது விதி. 14 அடி, 66 அங்குலப் பின்பலகை என்றால் 77, பாதி 38.5, 15 கழித்தால் 23.5; தகட்டில் 25 குதிரைசக்தி வரும். 1236 போன்றவை வேறு அட்டவணையில் விழும், தகட்டில் 10-ஐத் தாண்டுவது அரிது. 1448-ல் 9.9 குதிரைசக்தி மோட்டார் மாட்டினால் ஒரு ஆளோடு கிளம்பும், இரண்டாவது ஆள் ஏறியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழும். 20 தான் அதற்குப் பொருத்தம். அப்போதும் ஓட்டுபவர், மோட்டார், பெட்ரோல் டேங்க், பேட்டரி எல்லாம் பின்னாலேயே குவிந்தால் படகு குதிரை மாதிரி துள்ளும். பேட்டரியை மூக்குக்கும் டேங்கை நடு பெஞ்சுக்கும் நகர்த்தினாலே பாதி சரியாகும். வாங்கும்முன் பின்பலகை உயரத்தை அளக்கவும்: 15 அங்குலத்துக்குக் குட்டைத் தண்டு, 20-க்கு நீளத் தண்டு. மாறிப்போனால் ஒன்று காற்றைக் குடிக்கும், இல்லை தண்ணீரை இழுத்துத் தெறிக்கும்.

மின் மோட்டார் மட்டும் அனுமதிக்கும் நீர்த்தேக்கங்களில் 1236 ஜெயிக்கும். 100 பவுண்டு எடைக்கு 2 பவுண்டு தள்ளுவிசை என்பது வழக்கமான கணக்கு. 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். 100 ஆம்பியர்-மணி (ஏஎச்) ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் முழு வேகம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. லித்தியம் பேட்டரி போட்டால் 60 பவுண்டு எடை 30-க்குக் கீழே வரும், சின்னப் படகில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நின்று தூண்டில் வீச மேடை அமைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பெஞ்சை அறுத்து எடுக்காதீர்கள். அதனுள் இருக்கும் நுரைதான் படகு நிரம்பினாலும் மிதக்க வைப்பது. ஒரு கன அடி நுரைக்குச் சுமார் 60 பவுண்டு தாங்கும். பக்கச் சுவர்களை விரியாமல் பிடிப்பதும் அதே பெஞ்சுதான். மேடைக்கு மருந்தேற்றிய ப்ளைவுட் வேண்டவே வேண்டாம்; அதிலுள்ள செம்பு ஈரத்தில் அலுமினியத்தை அரித்துப் பொடிப்பொடியாக ஓட்டை போடும். சாதாரண எக்ஸ்டீரியர் ப்ளைவுட்டுக்கு எபாக்ஸி பூசி, துருப்பிடிக்காத திருகாணிகளுக்கு அரிப்பைத் தடுக்கும் டெஃப்ஜெல் பசையைத் தடவிப் போடலாம். தூண்டில் பெட்டியிலிருந்து உருண்டு விழுந்த ஒரு செம்புக் காசுகூடக் குழி தோண்டும்.

பழையது வாங்கினால் மூன்று இடம். மோட்டாரின் அடிப்பாகத்தைப் பிடித்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். பின்பலகை கூடவே அசைந்தால் உள்ளே மரம் உளுத்துவிட்டது, முக்கால் அங்குலப் பலகை இரண்டை ஒட்டி மாற்ற வேண்டும். எடை போடும் வசதி இருந்தால் போடுங்கள்; தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட ஐம்பது அறுபது பவுண்டு கூடினால் நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. பிறகு ட்ரெய்லர்: தாங்குகட்டை பின்பலகைக்கு நேர் கீழே முடிய வேண்டும். ஓரடி முன்னால் முடிந்திருந்தால் மோட்டார் எடையில் அடித்தட்டு கொக்கியாக வளைந்திருக்கும். நேரான ஸ்கேலை அடியில் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். அந்த வளைவு உள்ள படகு எந்த மோட்டாரிலும் மூக்கைக் குத்திக்கொண்டுதான் ஓடும். விலை பாதியானாலும் விட்டுவிடுங்கள்.

வடிகால் ப்ளக்கில் இரண்டு வாங்கி, ஒன்றை ட்ரெய்லர் வின்ச் கொக்கியிலேயே கட்டி வையுங்கள். கொக்கியைக் கழற்றும்போது கையில் தட்டும்.