முதலாண்டு மாணவர்களுக்கான மறைமுகச் சார்புப் பயிலரங்கு: ஒரு மதிப்பீடு

நம்மையறியாமலே பிறரைப் பற்றி நாம் கொண்டிருக்கும் முன்முடிவுகளை, அதாவது மறைமுகச் சார்பை, உணர்த்துவதற்காகக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கென நடத்தப்பட்ட இந்த இரண்டு மணி நேரப் பயிலரங்கின் சிறந்த பகுதி, உளவியலாளர் ஆந்தனி கிரீன்வால்டும் அவருடைய சகாக்களும் 1998-இல் அறிமுகப்படுத்திய மறைமுகத் தொடர்புச் சோதனை முறையை மாணவர்கள் தாங்களே கணினியில் செய்து பார்த்ததுதான். ஆண் பெயர்களுக்கும் பணி தொடர்பான சொற்களுக்கும் ஒரே விசையைத் தட்டியபோது தடையின்றி ஓடிய விரல், அச்சொற்கள் பெண் பெயர்களோடு சேர்ந்தவுடன் தயங்கியதை உணர்ந்து, என் அருகிலிருந்த மாணவி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அந்தத் தயக்கம் மில்லிநொடிகளில் அளக்கப்படுகிறது; அது நீளும் அளவுக்கு, அவ்விரண்டையும் மனம் எளிதில் இணைப்பதில்லை என்று சோதனை கொள்கிறது. ஆனால், அதே நபர் மறுநாள் செய்தால் மதிப்பெண் மாறக்கூடும் என்பதையும், ஒரு தனிமனிதரின் நடத்தையை அதைக்கொண்டு உறுதியாகக் கணித்துவிட முடியாது என்பதையும் பயிற்றுநர் கடைசி ஐந்து நிமிடத்தில் அவசரமாகச் சொல்லி முடித்தது பெருங்குறை. அதற்குள் பலர் தங்களைக் குற்றவாளிகளாகவே எண்ணத் தொடங்கியிருந்தனர். விடைத்தாள்களைப் பெயரை மறைத்துத் திருத்துவது போன்ற, சார்பைத் தடுக்கும் நடைமுறைகளுக்கு இன்னும் அரை மணி நேரம் ஒதுக்கினால், தயங்காமல் பரிந்துரைப்பேன்.