விக்டரியா, வாசாவா, கான்ஸ்டிட்யூஷனா: எந்தக் கப்பலைச் செய்வது?

பாய்மரப் போர்க்கப்பல் மாதிரி செய்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்த மூன்று பெயர்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள்: பிரிட்டனின் எச்எம்எஸ் விக்டரி, ஸ்வீடனின் வாசா, அமெரிக்காவின் யுஎஸ்எஸ் கான்ஸ்டிட்யூஷன். மூன்றுக்கும் பிளாஸ்டிக்கிலும் மரத்திலும் கிட்டுகள், அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டிகள், கிடைக்கின்றன. மூன்றும் இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய கப்பல்கள். எதை எடுப்பது என்று கேட்டால் பெரும்பாலும் கிட்டின் தரம், அளவு, அழகு என்றுதான் பேச்சு போகும். அதெல்லாம் தேவையான பேச்சுதான். ஆனால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கப்பலை எந்த ஆண்டின் கோலத்தில் செய்யப் போகிறோம், அந்த ஆண்டுக்குச் சாட்சி எது?

போர்க்கப்பல் ஒரே உருவத்தில் நூறு வருடம் இருப்பதில்லை. ஒவ்வொரு பழுதுபார்ப்பிலும் சன்னல்கள், சிலைகள், பீரங்கிகள், பாய்மரங்கள், வண்ணம் என ஏதாவது மாறும். இன்று துறையில் நிற்பதை அப்படியே பார்த்துச் செய்தால், பல காலங்கள் கலந்த ஒரு கப்பல்தான் கைக்கு வரும். இந்த விஷயத்தில் மூன்று கப்பல்களும் மூன்று விதம்.

விக்டரியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் பேர் ஆசைப்படுவது அதற்குத்தான். தாமஸ் ஸ்லேட் வடிவமைத்தார். 1759இல் சாத்தம் தளத்தில் அடிமரம் போட்டு, 1765இல் நீரில் இறக்கினார்கள். 1805 அக்டோபர் 21 அன்று டிராஃபல்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இறந்தது இந்தக் கப்பலில்தான். ஆக, கட்டியதற்கும் புகழ் பெற்றதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பது ஆண்டுகளில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது.

1765இன் விக்டரிக்குப் பின்பக்கம் திறந்த மாடங்கள் இருந்தன. முகப்பில் உருவங்கள் நெருக்கியடிக்கும் பிரமாண்டமான சிலைத்தொகுதி. 1780இல் அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு வந்தது. 1800 முதல் 1803 வரை நடந்த பெரும் பழுதுபார்ப்பில் மாடங்களை மூடிச் சன்னல்களாக்கினார்கள். பழைய முகப்புச் சிலை போய், மணிமுடி தாங்கிய அரச சின்னமும் அதன் இருபுறம் இரண்டு குழந்தை உருவங்களும் வந்தன. 1922இல் போர்ட்ஸ்மத் உலர்துறைக்கு ஏற்றி, 1928 வரை டிராஃபல்கர் கோலத்துக்குத் திருப்பும் வேலை நடந்தது. இன்று பார்ப்பது 1920களின் ஆய்வாளர்கள் கண்ட 1805.

அந்தக் கண்ணோட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாதவர்கள் உண்டு. முன்தளத்தின் பக்கச்சுவர் போரின்போது இன்று இருப்பதைவிட உயரமாக இருந்ததா, கப்பலின் பக்கவாட்டில் உள்ள அலங்கார நுழைவாசல் 1805இல் இருந்ததா என்பவை பழைய விவாதங்கள். 1805 டிசம்பரில் கப்பல் திரும்பி வந்தபோது ஓவியர் டர்னர் நேரில் ஏறிக் குறித்துக்கொண்ட கோட்டோவியங்களை இதற்கு எடுத்துக் காட்டுவார்கள். வண்ணத்தில் இன்னொரு பெரிய மாற்றம் வந்தது. பல தலைமுறையாக விக்டரி என்றாலே கறுப்புக்கு நடுவே அடர்ந்த கடுகு மஞ்சள் பட்டைகள்தான். படிந்திருந்த வண்ண அடுக்குகளைச் சுரண்டி ஆராய்ந்த பிறகு, 2015இல் வெளிறிய, லேசான இளஞ்சிவப்பு கலந்த மஞ்சளுக்கு மாற்றினார்கள். கிட்டின் பெட்டியில் இருக்கும் படம் கடுகு மஞ்சளைக் காட்டினால் அது 2015க்கு முந்திய அறிவு என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் புது நிறம்தான் பிடித்திருக்கிறது. அது கண்ணை உறுத்தாமல் கப்பலின் வளைவுகளைப் பார்க்க விடுகிறது.

இனி கைவேலை. விக்டரியில் 104 பீரங்கிகள்: கீழ்த்தளத்தில் 32 பவுண்டு குண்டு வீசுபவை முப்பது, நடுத்தளத்தில் 24 பவுண்டு வகை இருபத்தெட்டு, மேல்தளத்தில் 12 பவுண்டு வகை முப்பது, மீதி திறந்த தளங்களில். மூன்று வரிசைப் பீரங்கித் துவாரங்களும் கப்பலின் வளைவோடு ஒன்றுக்கொன்று ஒட்டி ஓட வேண்டும். ஒரு வரிசை ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் முழுப் பக்கமும் கோணலாகத் தெரியும். மரத்தில் செய்பவர்களுக்கு அணியம், அதாவது கப்பலின் முன்முனை, இன்னொரு சோதனை. முகம் உருண்டு பருத்திருப்பதால் பலகை சட்டென்று திரும்ப வேண்டும். நன்றாக ஊறவைத்து, சூடு காட்டி வளைத்து, முனையை நோக்கி அகலத்தைக் குறைத்துக்கொண்டே போகாவிட்டால் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

அப்புறம் கயிறு. உண்மைக் கப்பலில் சுமார் 42 கிலோமீட்டர் கயிறு இருந்ததாகச் சொல்வார்கள். 1:100 அளவில் அதை முழுதாகக் கட்டினால் 420 மீட்டர் நூல். யாரும் அத்தனையும் கட்டுவதில்லைதான், ஆனால் பாதி கட்டினாலும் மாதக்கணக்கில் போகும். ஹெல்லரின் 1:100 பிளாஸ்டிக் கிட்டில் உடற்பகுதியின் வார்ப்பு மிக நேர்த்தி. கயிறு கட்டும் குறிப்புகளுக்கு மட்டும் வேறு வரைபடங்களைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது. கால்டர்கிராஃப்டின் 1:72 மரக் கிட் முடியும்போது ஒரு கதவின் அகலத்தைத் தாண்டிவிடும், ஏறக்குறைய 1.4 மீட்டர். வைக்க இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்க வேண்டிய கப்பல் அது.

கான்ஸ்டிட்யூஷன் இதைவிட எளிமை. ஜோஷுவா ஹம்ஃப்ரீஸின் வடிவமைப்பு, பாஸ்டனில் 1797இல் நீரில் இறங்கியது. பெயரளவில் 44 பீரங்கி ஃபிரிகேட், அதாவது விக்டரியைவிடச் சிறிய வகைப் போர்க்கப்பல். அடைத்த பீரங்கித்தளம் ஒன்றுதான், அதற்கு மேல் திறந்த தளம். துவாரங்களின் ஒரே நீண்ட வரிசையைச் சரியாக வைத்துவிட்டால் பக்கவாட்டுத் தோற்றத்தில் பாதி வேலை முடிந்தது. அணியம் விக்டரியைவிட ஒடுங்கியது என்பதால் பலகைகளும் சண்டை போடாமல் படியும். ஆனால் பாய்மரங்கள் மூன்று, பருமல்கள் (பாய் தொங்கும் குறுக்குக் கழிகள்) முழு வரிசை, கயிறு முழு வரிசை. பெரிய கப்பலின் ரிக்கிங்கை, அதாவது பாய்மரக் கயிற்று அமைப்பை, முழுதாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி கிடையாது.

1812 ஆகஸ்ட் 19 அன்று பிரிட்டனின் கெரியர் கப்பலோடு நடந்த சண்டையில், எதிரியின் குண்டு பக்கச்சுவரில் பட்டு விழுவதைப் பார்த்த மாலுமிகள் சுவர் இரும்பால் ஆனது என்று கத்தினார்கள் என்பார்கள். 'ஓல்ட் அயன்சைட்ஸ்' என்ற பெயர் அப்படி வந்தது. உண்மையில் அது லைவ் ஓக் என்ற அடர்ந்த மரம். சட்டங்களை நெருக்கி வைத்து, உள்ளும் புறமும் வெள்ளை ஓக் பலகை அறைந்தார்கள். மாதிரி செய்பவருக்கு அந்தப் பலம் வெளியே தெரியாது, பீரங்கித் துவாரங்களின் ஓரத்தில் மட்டும் சுவரின் கனம் தெரியும். பிளாஸ்டிக் கிட்டில் சுவர் மெல்லியதாக இருந்தால் துவாரத்தின் உள்பக்கம் சின்னச் சின்னப் பட்டைகள் ஒட்டிக் கனம் காட்டலாம். சிறிய வேலை, ஆனால் கப்பலின் குணமே அதில்தான் வெளிப்படுகிறது.

இதற்கும் ஆண்டுச் சிக்கல் உண்டு. முதல் முகப்புச் சிலை ஹெர்குலிஸ். 1804இல் இன்னொரு அமெரிக்கக் கப்பலான பிரசிடென்ட்டோடு மோதியதில் அது சிதைந்தது. 1812இல் முகப்பில் மனித உருவம் இல்லை, சுருள் வேலைப்பாடுதான். 1834இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் உருவத்தை வைத்தார்கள். அது பிடிக்காத ஒருவர் இரவோடு இரவாகப் படகில் போய்ச் சிலையின் தலையை அறுத்துக்கொண்டு போனார்! ஆக, ஜாக்சன் சிலையும் 1812 சண்டையும் ஒரே மாதிரியில் சேர முடியாது. கப்பலின் பக்கவாட்டில் ஓடும் பட்டையின் நிறமும் அப்படித்தான். இன்று நாம் பார்ப்பது வெள்ளை. 1812 சண்டைகளை அந்தக் காலத்திலேயே வரைந்த மிக்கேலே கோர்னேயின் ஓவியங்களில் அது மஞ்சள்.

இந்தக் கப்பலுக்கு இருக்கும் ஒரு சாட்சி நம்மைப் போன்றவர்களுக்கு மிக நெருக்கமானது. 1812இல் கப்பலின் மாலுமிகளே ஒரு மாதிரி செய்து கேப்டன் ஐசக் ஹல்லுக்குக் கொடுத்தார்கள். அது இப்போது சேலத்தில், அதாவது மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில், பீபாடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவுகளில் அது துல்லியமானது அல்ல. ஆனால் அந்தக் கப்பலில் வாழ்ந்தவர்கள் எதை முக்கியம் என்று நினைத்தார்களோ அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். 1920களில் உண்மைக் கப்பலைப் பழுதுபார்த்தவர்கள் இந்த மாதிரியையும் பார்த்துத்தான் முடிவுகள் எடுத்தார்கள். ஒரு மாதிரி தன் கப்பலுக்கே வழிகாட்டியாக இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

கிட் என்று வந்தால் ரெவெல்லின் 1:96 பிளாஸ்டிக், மாடல் ஷிப்வேஸின் 1:76 மரம் இரண்டும் பலரும் கைவைத்தவை. பெரிய பிளாஸ்டிக் கிட்டுகளில் தளம் துண்டு துண்டாக வருவதால் இணைப்புக் கோடு தெரியும். மேலே மெல்லிய மர வெனீர் ஒட்டினால் அந்தப் பிரச்சினை தீரும், பார்க்கவும் அழகு.

இனி வாசா. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் முதல் பயணம் புறப்பட்டு, சுமார் 1,300 மீட்டர் போனதும் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த கீழ்த்தளத் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் ஏறி மூழ்கியது. மேற்பகுதி கனம், நீருக்குள் இருக்கும் பகுதி ஒடுக்கம். புறப்படுவதற்கு முன்பே முப்பது பேரைத் தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறி மாறி ஓடவிட்டுப் பார்த்து, கப்பல் ஆடிய ஆட்டத்தில் பயந்து சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். விசாரணை நடந்தது, யாருக்கும் தண்டனை இல்லை. ஆண்டர்ஸ் ஃப்ரான்சேன் 1956இல் கண்டுபிடிக்க, 1961 ஏப்ரல் 24 அன்று மேலே வந்தது. கப்பலரிக்கும் புழு பால்டிக் கடலின் உப்புக் குறைந்த நீரில் வாழாது. அதனால் 333 ஆண்டுகளுக்குப் பிறகும் உடற்பகுதி ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தது.

மாதிரி செய்பவருக்கு இதன் பொருள் பெரியது. வாசாவுக்கு ஒரே ஒரு ஆண்டுதான், 1628. பிற்காலப் பழுதுபார்ப்பு கிடையாது, மாற்றிய முகப்பு கிடையாது, செம்புத் தகடும் கிடையாது. உடலைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் கப்பலே பதில் சொல்லும். தச்சர்கள் பயன்படுத்திய அளவுகோல்கள்கூட உள்ளே கிடைத்தன: பன்னிரண்டு அங்குலம் கொண்ட ஸ்வீடன் அடிக்கோல்களும், பதினோரு அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடிக்கோல்களும். கப்பலின் இரு பக்கங்களும் சரிசமமாக இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். சட்டங்களை மிகத் துல்லியமாக வெட்டி இரு பக்கத்தையும் ஒன்றாக்குபவர் உண்மை வாசாவைவிடச் சரியான ஒரு வாசாவைச் செய்கிறார்!

மேலே போகப் போகச் சாட்சி குறைகிறது. பாய்மரங்களின் மேற்பகுதி நிலைக்கவில்லை. ஆனால் பத்துப் பாய்களில் ஆறு மடித்து வைத்தபடியே கிடைத்தன, கப்பிகளும் ஏராளம். அவற்றை வைத்து மீதியைக் கணிக்கிறார்கள். 64 பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை 1660களிலேயே மூழ்குமணியில் (உள்ளே காற்று தங்கும் மணி வடிவக் கூண்டில்) இறங்கி எடுத்துவிட்டார்கள். வண்ணம்தான் மிகச் சுவையான கதை. நீண்ட காலம் வாசாவை நீலமும் தங்கமுமாகத்தான் கற்பனை செய்தார்கள், பழைய மாதிரிகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். மரத்தில் எஞ்சிய நிறத்துகள்களை ஆராய்ந்தபோது பின்னணி சிவப்பு என்றும், சிலைகள் பல வண்ணத்தில் பளபளத்தன என்றும் தெரிந்தது. வாசா அருங்காட்சியகத்தின் 1:10 மாதிரி இந்த வண்ணத்தில்தான் நிற்கிறது. முதல் தடவை பார்ப்பவருக்குத் திருவிழாத் தேர்போலத் தோன்றும். 17ஆம் நூற்றாண்டு அரசன் எதிரியின் கண்ணில் படவேண்டும் என்று விரும்பியதும் அதுதான்.

அந்தச் சிலைகளில்தான் கஷ்டமும். சிறிதும் பெரிதுமாகச் சுமார் எழுநூறு. முகப்புச் சிங்கம் மட்டும் மூன்று மீட்டர் நீளம். ரெவெல்லின் 1:150 பிளாஸ்டிக் கிட்டில் அது இரண்டு சென்டிமீட்டர், 1:65 மரக் கிட்டில் நாலரைக்கு மேல். சிறிய அளவில் முகங்களைத் தூரிகையால்தான் உயிர்ப்பிக்க வேண்டும். பெரிய அளவில் வார்த்த உலோகச் சிலைகளின் விளிம்புகளைச் சீவி, அடிப்பூச்சு கொடுத்து, ஒவ்வொன்றாக வண்ணம் ஏற்ற வேண்டும். கயிற்று வேலை மற்ற இரண்டையும்விடக் குறைவு. பீரங்கி வரிசையும் இரண்டுதான். ஆனால் தூரிகை பிடிக்கப் பொறுமை இல்லாதவர் வாசாவைத் தொடக்கூடாது.

சரி, எதை எடுப்பது? பெரிய பாய்மரக் கப்பல் செய்வது இதுதான் முதல் முறை என்றால் கான்ஸ்டிட்யூஷன், 1812இன் கோலம், மஞ்சள் பட்டை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நூலும் முடிச்சும் பிடித்தவர், ஆதாரங்களை ஒப்பிட்டு வாதாடுவதில் மகிழ்பவர் விக்டரிக்குப் போகலாம். ஆனால் அவர் 1765ஐச் செய்யப் போகிறாரா 1805ஐச் செய்யப் போகிறாரா என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய புகைப்படங்களை நம்பி விக்டரியின் ரிக்கிங்கைக் கட்ட நினைப்பவருக்கு ஒரு எச்சரிக்கை: மேல் பாய்மரங்களை 2011இலும் நடுப் பாய்மரத்தை 2021இலும் பழுதுபார்ப்புக்காக இறக்கிவிட்டார்கள். பழைய படங்களையும் வரைபடங்களையும்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

மூன்றில் ஒன்றுதான் என் அலமாரியில் இருக்கலாம் என்றால் நான் வாசாவை வைப்பேன். விக்டரியின் கம்பீரம் அதற்கு இல்லை, கான்ஸ்டிட்யூஷனின் வெற்றிகளும் இல்லை. ஆனால் ஒரு துவாரத்தின் மூடியில் சிங்கமுகம் செதுக்கும்போது, இது இப்படித்தான் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிவது இந்த மூன்றில் வாசாவில்தான். வாங்கினால் 1:65 மரக் கிட்டையே வாங்குங்கள், பெட்டியோடு வரும் வண்ணக் குறிப்பு நீலத்தைச் சொன்னால் அதை ஒதுக்கிவிட்டுச் சிவப்பைக் கலக்குங்கள்.