எம்எக்ஸ் பிளஸ் சி-யா, பாயின்ட் ஸ்லோப்பா? கோட்டுக்கு எது வசதி

சுங்கை சிப்புட்ல அக்கா வீட்டுக்குப் போனா மருமகனுக்கு கணக்கு சொல்லித் தர்றது நம்ம வேலை. பாரம் மூணு (ஒம்பதாம் வகுப்பு மாதிரி) படிக்கிறான், கேள்விய முழுசா படிக்கிறதுக்கு முன்னாடியே நேர்கோட்டோட சமன்பாட்ட ஒய் = எம்எக்ஸ் + சி-ன்னு எழுதிடுவான், அது தப்பில்ல, ஆனா எல்லா கேள்விக்கும் அதையே போட்டா கை வலிதான் மிச்சம்.

அது எங்க நல்லா வேலை செய்யுதுன்னா, கெச்செருனானும் (மலாய் பேரு, நம்ம பாஷைல சாய்வு, அதான் எம்) பிந்தாசான்-ஒய்யும் (கோடு ஒய் அச்ச வெட்டுற எடம்) கையில கெடைக்கிற எடத்துல. லோரிக்காரர் வீட்டு சாமான் ஏத்த 20 வெள்ளி, அப்புறம் கிலோமீட்டருக்கு 2 வெள்ளின்னு சொல்றாரு, எக்ஸ் கிலோமீட்டர், ஒய் மொத்த காசு, யோசிக்கவே வேணாம், ஒய் = 2எக்ஸ் + 20. கோடு ஒய் அச்ச 20-ல வெட்டும், அதான் சி.

ஆனா சாய்வும் நடுவுல ஒரு புள்ளியும் குடுத்தா? அன்னிக்கு வந்த கேள்வி: சாய்வு −2/3, கோடு (4, 5) வழியா போகுது. பையன் 5 = −8/3 + சி-ன்னு போட்டு, பின்னத்துல மாட்டி, ரெண்டு தடவ அழிச்சு, பேப்பர் கிழிஞ்சே போச்சு. சி = 23/3, வரும், ஆனா வலிச்சு வரும். நான் பாயின்ட் ஸ்லோப்ல (ஒரு புள்ளியும் சாய்வும் வெச்சு நேரா எழுதுற வடிவம்) எழுதிக் காட்டினேன்: ஒய் − 5 = −2/3 (எக்ஸ் − 4). ரெண்டு பக்கமும் 3-ஆல பெருக்கு, 3ஒய் − 15 = −2எக்ஸ் + 8, அதாவது 2எக்ஸ் + 3ஒய் = 23. பின்னமே இல்ல. "மாமா இத ஏன் முன்னாடியே சொல்லல"ன்னு மொறைக்கிறான்! ரெண்டு புள்ளி மட்டும் இருந்தாலும் இதான் என் ஓட்டு, மொதல்ல ஒய் வித்தியாசத்த எக்ஸ் வித்தியாசத்தால வகுத்து சாய்வ எடுத்துக்க, அப்புறம் எந்தப் புள்ளிய போட்டாலும் அதே கோடுதான் வரும்.

ரெண்டு அச்சுலயும் வெட்டுற எடம் தெரிஞ்சா, எக்ஸ் அச்சுல ஏ, ஒய் அச்சுல பி-ன்னு வெச்சுக்க, எக்ஸ்/ஏ + ஒய்/பி = 1. 600 லிட்டர் தண்ணி டாங்கி ஒரே வேகத்துல ஒழுகி 4 மணி நேரத்துல காலின்னா, எக்ஸ் மணி நேரம், ஒய் மிச்ச லிட்டர், எக்ஸ்/4 + ஒய்/600 = 1, ஒரே வரி. சாய்வு −600/4, அதாவது −150, மணிக்கு 150 லிட்டர் கொறையுது. அந்த மைனஸ விட்டுட்டா ஒழுகுற டாங்கி நிரம்ப ஆரம்பிச்சிடும் லா. இன்னொண்ணு, கோடு (0, 0) வழியா போனா இந்த வடிவம் உதவாது, பூஜ்யத்தால வகுக்க முடியாதுல்ல.

நேரா செங்குத்தா நிக்கிற கோட்டுக்கு சாய்வே கெடையாது, அதனால எம்எக்ஸ் பிளஸ் சி-யும் பாயின்ட் ஸ்லோப்பும் ரெண்டுமே அவுட். எக்ஸ் = 5-ன்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போ. கேள்வில பதில ஒய் = எம்எக்ஸ் + சி வடிவத்துல கேட்டிருந்தா கடைசி வரில மாத்திக்கோ, அதுவரைக்கும் பின்னத்த உள்ள விடாத.