வைகைக் கரைக்குச் சுவரா, வேரா?

வெள்ளம் வந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்கச் சொன்னானாம் பாண்டியன். வந்திக் கிழவிக்காகச் சிவனே புட்டுக்கு மண் சுமந்தார். ஆவணி மூலத்தில் அதை இன்றும் கொண்டாடுகிறோம்; கரையை மட்டும் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம்.

கான்கிரீட் சுவர் சீக்கிரம் எழும், குறுகிய இடம் போதும். ஆனால் வழவழப்பான சுவரை ஒட்டித் தண்ணீர் வேகமெடுத்து அடிமண்ணை அரிக்கும். பக்கவாட்டில் நீர் ஊறாது.

வெட்டிவேர், நாணல், நொச்சி, நீர்மருது வைத்த சாய்வுக் கரைக்கு இடமும் பொறுமையும் வேண்டும். வெட்டிவேர் 3 மீட்டர் வரைகூடச் செங்குத்தாக இறங்கி மண்ணைக் கோத்துப் பிடிக்கும். வெள்ளத்தில் நாணல் வளைந்து கொடுத்து நீரின் வேகத்தைக் குறைக்கும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிய கையோடு நட வேண்டும். இல்லையென்றால் அதுவே மறுபடி முளைத்து நிற்கும். முதல் கோடையில் ஊர்க்காரர்கள் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றி, ஆடு மாடு வாய் வைக்காமல் காக்க வேண்டும். நாம் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். (நடுவிழாவுக்கு மட்டும் கூட்டம் அள்ளும்.)

கரையோரம் இடம் இருக்கிற சோழவந்தான் பக்கம் என்றால் என் ஓட்டு வேருக்கு. மதுரை நகருக்குள் யானைக்கல் போல நெருக்கடியான இடத்தில் சுவரைத் தவிர்ப்பது கடினம். ஆற்றில் கலக்கும் சாக்கடையை இரண்டுமே தடுக்காது. அதை வரும் வழியிலேயே மறித்தாக வேண்டும்.